செங்கல்

செத்துப்போன ரூட்டருக்கு
எங்கள் தொழிலில் செங்கல் என்று பெயர்.
முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எட்டுக்குப் பத்துக் கடையில்
நாற்பத்தோரு வெள்ளைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறேன்.
இதுவரை சுவர் எழுப்பும் அளவுக்கு எதுவும் சாகவில்லை.

கம்பெனி எழுதியிருந்தது:
இந்த மாடலின் ஆயுள் முடிந்தது,
இனித் திருத்தங்கள் வராது, புதியது வாங்கவும்.
வாங்கி மூன்றரை வருஷம்.
பீடி சுற்றும் வீடுகள் தவணையில் கட்டிய காசு.
உள்ளே சிப்புக்கு ஒரு குறையும் இல்லை,
சாவி மட்டும் அவர்களிடம்.

ஆனிக் காற்றில் ஷட்டர் தடதடக்கிறது.
நாலு திருகு.
நாலாவது, பிரித்தால் வாரண்டி இல்லை என்ற
ஸ்டிக்கருக்கு அடியில்.
எச்சரிக்கையின் நடுவிலேயே திருப்புளியைக் குத்தினேன்.

பச்சைப் பலகையில் பெயர் போடாத துளைகள்.
எது தரை, எது வாய், எது காது?
கரண்டு கொடுத்ததும்
எதில் மீட்டர் முள் நடுங்குகிறதோ அது வாய்.
அதன் வாய் என் காதுக்கு,
என் வாய் அதன் காதுக்கு.
வாயோடு வாயைக் கட்டினால்
இரண்டு பேரும் பேசுவோம், கேட்க ஆளிருக்காது,
பங்காளிகளின் சமரசக் கூட்டம் மாதிரி.

"செங்கல் ஆயிட்டாக்கா?"
கேபிள் சுருளோடு கோயில்பிச்சை.
"வாயை மூடுல. மூணு செகண்டுதான் இருக்கு."

மூன்று நொடி.
விழித்ததும், பழைய வேலைக்குள் போகுமுன்
கொஞ்சம் தயங்குகிறது.
அதற்குள் ஒரு விசையைத் தட்டினால்
என்ன செய்யட்டும் என்று நிற்கும்.
தவறினால் கம்பெனி சொன்னதைச் செய்யப் போய்விடும்.
ஆறு தடவை தவறினேன்.
ஏழாவதில் கரண்டு போனது.
கோயில்பிச்சை பைக்கைக் கடைக்குள் உருட்டி வந்து
அதன் பேட்டரியில் வயரைச் சுற்றினான்.
"பன்னெண்டு வோல்ட்டுதான? இதும் பன்னெண்டுல்லா."

எட்டாவதில் நின்றது.

எழுத எழுத சதவீதம் ஏறும்.
பாதியில் நின்றால்தான் செங்கல்.
ஈயம் தீர்ந்து ரெண்டு நாளாகிறது.
கம்பிகள் சும்மா சாய்ந்து நிற்கின்றன.
மூன்றையும் விரலால் அமுக்கியபடி
மூக்கு அரிப்பதைப் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு வரிகள் ஓடின, நிறைய.
யார்யாரோ எங்கெங்கோ
இந்த மலிவுச் சிப்புக்காகத் தூக்கம் கெட்டிருக்கிறார்கள்.
கூலி கேட்கவில்லை.
நீ திருத்திக் கொடுப்பதையும் பூட்டாமல் கொடு,
அவ்வளவுதான்.

கடைசியில் கண் சிமிட்டும் ஒரு கட்டம்.
நான் யார் என்று கேட்டேன்,
அதற்கொரு கட்டளை உண்டு.
ரூட் என்றது.
கடை லைசென்ஸில் அண்ணன் பெயர்,
கரண்டு பில்லில் அப்பா பெயர்.

மேலவீட்டில் படம் இறக்கும்போது
கீழவீட்டுப் பிள்ளையின் பாடம் திக்கக்கூடாது.
அதற்கு வரிசை கட்டினேன்.
"மடை அடைக்கிற மாதிரி", என்றான்.
"இல்லல. மடையில போன தண்ணி போனதுதான்.
இது வந்து சேரலன்னா திரும்பக் கேக்கும்."

எல்லாம் சரி, விளக்கு மட்டும்
பச்சைக்குப் பதில் சிவப்பு.
பதினொன்று என்றிருந்தது, பன்னிரண்டாக இருக்க வேண்டும்.
ஒரே ஒரு இலக்கம். திருத்தி அனுப்பினேன்.
எட்டு நாள் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.
கீழே சீ. பேராச்சி என்று இருக்கிறது.
எந்த ஊரில் யார் வீட்டில்
அந்தப் பச்சை எரிகிறதோ, கணக்கு வராது.

நேற்று ராத்திரி ஆவுடையம்மாள் போன்.
"நெட்டு வரல. நீ உள்ள என்னமோ மாத்திட்டன்னு
எல்லாரும் சொல்லுதாவ."
போனோம். பெட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது.
கட்டளை கட்டளையாகத் துருவினேன், ஒரு பிழையும் இல்லை.
மொட்டைமாடியில் டார்ச் அடித்தான் கோயில்பிச்சை.
அணில் கடித்த கேபிள்.

"இதுக்கு என்னக்கா சிஸ்டம் போட?"
என்று கேட்டுவிட்டு
கட்டிங் பிளேயர் எடுக்கக் கீழே இறங்கினான்.